மருந்தடித்த வரிசை

என் மகள் பதினாறு வயதில் விவசாயப் பயிற்சியில் சேர்ந்தபோது நான் தடுக்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் காட்டுவதற்காக, சம்பளமில்லாத வாலண்டியர் வேலையில் மணி நேரம் சேர்க்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த மணி நேரங்களை நூலகத்திலும் மருத்துவமனையிலும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு ஸ்ட்ராபெரி பண்ணையைப் பிடித்தாள். நான் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வெளியே வந்தவன். வெயிலில் குனிந்து நிற்கிற வேலை என் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் மனதில் இருந்தது. ஒரு சீசனில் அலுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அலுக்கவில்லை. மார்ச் மாதக் குளிரில் ஆரம்பித்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனாள். பத்துப் பேர் கொண்ட குழு. எல்லாரும் பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள். பண்ணையின் சொந்தக்காரரே பயிற்சி கொடுத்தார். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார். ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்லவும் மாட்டார். மண்ணைச் சோதிப்பது, சொட்டு நீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது, மண்ணின் ஈரம் காட்டும் கருவியைப் படிப்பது, டிராக்டரின் பின்னால் எங்கே நிற்கக் கூடாது என்பது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். பயிருக்கு அடிக்கிற மருந்து விஷயத்தில் மட்டும் கடுமையான விதி இருந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் மருந்தைத் தொடக் கூடாது. மருந்தடித்த வரிசைக்குள், குறிப்பிட்ட நேரம் கழியும்வரை, கால் வைக்கவும் கூடாது. எந்த வரிசையில் என்ன மருந்து, எத்தனை மணிக்கு அடித்தது, எப்போது உள்ளே போகலாம் என்பதெல்லாம் ஷெட் சுவரில் ஒரு பலகையில் எழுதியிருக்கும். பயிற்சிப் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் யாரையும் வயலுக்குள் அழைத்துப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மே மாதம் அவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். பண்ணைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் அதில் இருந்தன. என் மகள் அதைக் காரில் எடுத்து வருவாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்; அதையும் இங்கே தமிழில் தருகிறேன்.

"மருந்து அடிப்பீங்களா?"

"அடிப்போம். மழை அதிகமானா பழத்துல பூஞ்சை வரும். அடிச்சதை எழுதி வைப்போம். யார் கேட்டாலும் காட்டுவோம்."

"இது மரபணு மாத்துன ஸ்ட்ராபெரியா?"

"இல்ல. கடையில அப்படி ஒரு ஸ்ட்ராபெரியே கிடையாது."

"எதுக்கு மண்ணுமேல பிளாஸ்டிக் போடறீங்க? அது நல்லதா?"

இதற்கு அவள் தயங்குவாள். களை வராது, தண்ணீர் மிச்சம், பழம் மண்ணில் படாது என்று சொல்லிவிட்டு, "ஆனா சீசன் முடிஞ்சா குப்பைக்குத்தான் போகுது. அதுக்கு எங்ககிட்ட நல்ல பதில் இல்ல" என்பாள்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு. வந்தவங்ககிட்ட பாசிட்டிவ்வா சொல்லணும்" என்றேன் ஒரு நாள்.

"இருக்கறதை இருக்கற மாதிரியே சொல்லச் சொல்லியிருக்காங்க அப்பா" என்றாள். பண்ணைக்காரம்மாவைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

ஜூன் முதல் சனிக்கிழமை எங்கள் நண்பர்கள் ஒன்பது குடும்பங்களைச் சேர்த்து அந்தப் பண்ணைக்குப் போக நான் ஏற்பாடு செய்தேன். மகள் தனியாகச் சுற்றிக்காட்டப்போகிற முதல் குழு. பெருமை எனக்குள் வந்துவிட்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில், "என் பொண்ணுதான் கைடு, எல்லாரும் பத்து மணிக்கு ஷார்ப்பா வந்துடுங்க" என்று போட்டேன். அவளை என் மனைவி ஏழு மணிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து தன் மருந்தக வேலைக்குப் போய்விட்டாள். நான் மற்றவர்களைப் பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் சந்தித்து, காபிக்கு நின்று, யாரோ ஒருவர் வழி தவறி, பண்ணையில் இறங்கியபோது பத்தரை மணி.

குழந்தைகள் காரிலிருந்து குதித்து ஓட ஆரம்பித்தார்கள். முந்தின நாட்களில் பெய்த மழையால் தரை ஈரமாக இருந்தது. மாலையில் மறுபடி மழை என்று போனில் காட்டியது. டிராக்டர் பின்னால் உட்கார வைக்கோல் கட்டுகள் போட்ட வண்டி தயாராக நின்றது. மகள் பண்ணையின் பச்சை டீ ஷர்ட் போட்டு, கையில் பெயர்ப் பட்டியலோடு எங்களை எதிர்பார்த்து நின்றாள்.

"ஒரு நிமிஷம். போர்டைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஷெட் பக்கம் திரும்பினாள்.

ஷெட் நூறு அடி தூரம்கூட இருக்காது. ஆனால் எனக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் மதியச் சாப்பாட்டுக்கு எடிசனில் ஒரு ஹோட்டலில் இடம் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலையில பார்த்துட்டல்ல?" என்றேன்.

"ஏழரைக்குப் பார்த்தேன்."

"அப்புறம் என்ன கண்ணு? எல்லாரும் வெயிட் பண்றாங்க பாரு. வண்டியில ஏறு."

அவள் ஷெட்டைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். அந்தத் தயக்கத்தை நான் கண்டேன். கண்டும், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நானும் ஏறினேன்.

வாசல் பக்கத்து வயலில் கூட்டம் அதிகமாக இருந்தது. அதனால் டிராக்டர் ஓட்டியவரிடம் பின்பாதை வழியாகப் போகச் சொன்னாள். வண்டி ஆடி ஆடிப் போனது. ஸ்ட்ராபெரி செடி எத்தனை வருடம் காய்க்கும், தேனீப் பெட்டி எதற்கு என்றெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். என் நண்பர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கிழக்குப் பக்கத்து வரிசைகளின் ஓரத்தில் வண்டி நின்றது. அவள் சொட்டு நீர்க் குழாயைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தைகள் இறங்கி வரிசைக்குள் ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் சிலரும் போன்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

பழம் போடுகிற அட்டைப் பெட்டிகள் வரிசைகளின் மறுமுனையில் அடுக்கியிருந்தன. அவற்றை எடுக்க மகள் வயலைச் சுற்றி ஓரமாக நடந்தாள். பாதி தூரம் போனதும் நின்றாள். மறுமுனையில் ஒரு கம்பத்தில் அறிவிப்புத் தட்டி ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. அவள் ஓடிப்போய் அதன் முன்பக்கத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: சிவப்பு வட்டத்துக்குள் கையை உயர்த்தித் தடுக்கிற ஒரு முகம், மேலே அபாயம் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்.

"அவுட்! எவ்ரிபடி அவுட்! இப்பவே!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் அதை விளையாட்டு என்று நினைத்துக் கையாட்டினார். அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் வீசிக்கொண்டே ஓரமாக எங்களை நோக்கி ஓடிவந்தாள்.

"மருந்து அடிச்சிருக்கு! எதையும் தொடாதீங்க! வெளிய வாங்க!"

அம்மாக்கள் கத்த ஆரம்பித்தார்கள். அப்பாக்கள் வரிசைகளைத் தாண்டிக் குதித்து, குழந்தைகளின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மகள் பட்டியலை வைத்துத் தலைகளை எண்ணினாள். ஒரு தலை குறைந்தது. நண்பரின் நான்கு வயதுப் பெண் குழந்தை வரிசையின் நடுவில், செடிகளுக்கு இடையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தது. சுற்றி நடந்த எதையும் கவனிக்காமல் பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

மகள் வரிசையின் ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டாள். பிளாஸ்டிக் விரிப்பின் விளிம்பில் அவளுடைய பூட்ஸ் முனை இருந்தது. அவள் உடம்பு முன்னால் சாய்ந்து சாய்ந்து பின்னால் வந்தது.

"அப்பா, நான் உள்ள போகக் கூடாது. நீங்க போங்க. ஓடுங்க!"

ஓடினேன். குழந்தையைத் தூக்கியபோது அதன் வாய், தாடை, இரண்டு உள்ளங்கை எல்லாம் சிவப்பாக இருந்தன. இலைகளில் லேசான வெள்ளைப் படலத்தை அப்போதுதான் பார்த்தேன். திடீரென்று தூக்கியதில் பயந்து அழுத குழந்தை, கையை எடுத்துக் கண்ணைத் தேய்த்தது.

"கையைப் புடிங்க! கண்ணைத் தேய்க்க விடாதீங்க!" என்றாள் மகள் ஓரத்திலிருந்து. நான் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். குழந்தையின் அம்மா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"என்னங்கண்ணா இது? என்ன மருந்துங்க? விஷமா?" என்று என்னைக் கேட்டாள்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் கை கழுவும் இடம் இருந்தது. வண்டியில் அங்கே போக மூன்று நிமிடம் ஆனது. அந்தக் குழந்தை வழியெல்லாம் அழுதது. மகள் வண்டி நிற்பதற்குமுன் குதித்து, பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டே விஷ உதவி எண்ணைக் கூப்பிட்டாள். மருந்தின் பெயரைப் படித்தாள், பதிவு எண்ணைப் படித்தாள், எட்டே கால் மணிக்கு அடித்தது என்றாள். அவள் ஏழரைக்குப் பலகையைப் பார்த்த பிறகு எழுதியது.

"ஆன்ட்டி, பாப்பா எவ்வளவு வெயிட்? எத்தனை பழம் சாப்பிட்டிருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினாள் குழந்தையின் அம்மா.

மகள் போனில் கேட்டதை அப்படியே எங்களுக்குத் திரும்பச் சொன்னாள். வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைக்கச் சொன்னார்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்றார்கள். கண்ணில் பட்டிருந்தால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். அழுகிற நான்கு வயதுக் குழந்தையின் கண்ணில் பதினைந்து நிமிடம் தண்ணீர் விடுவது என்ன என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதன் அப்பா தலையைப் பிடித்திருந்தார், நான் கால்களைப் பிடித்திருந்தேன், அம்மா தண்ணீர் ஊற்றினாள். என் மகள் நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏழு." "எட்டு." பண்ணைக்காரம்மா ஓடி வந்து ஒரு சுத்தமான துண்டையும் தன் பேத்தியின் உடுப்பையும் வைத்துவிட்டு, மற்ற குழந்தைகளை வரிசையாக நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பதினைந்து நிமிடம் முடிந்தபோது குழந்தையின் ஒரு கண் நன்றாகச் சிவந்திருந்தது. அது தேய்த்ததாலா, தண்ணீராலா, மருந்தாலா என்று சொல்ல யாருமில்லை. பெற்றோர் அவசரச் சிகிச்சைக்குக் கிளம்பினார்கள். போகிறபோது அந்த அப்பா என் மகளைப் பார்த்து, "தெரியாத வேலையை எதுக்கும்மா செய்யறீங்க?" என்றார். நான் அவர்களுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டேன்.

பண்ணைக்காரம்மா மகளை ஷெட்டுக்கு வரச் சொன்னார். நான் அவளை ஒரு ஓரமாக இழுத்தேன்.

"நான் சொல்றதைக் கேளு. போர்டைப் பார்த்தேன், அப்ப அதுல எழுதலைன்னு சொல்லு. அது உண்மைதானே? ஏழரைக்கு எழுதலைதானே? அதுக்கு மேல எதுவும் சொல்லாத."

அவள் என்னை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"கிளம்புறதுக்கு முன்னாடி பலகையைப் பார்த்தாயா?" என்று பண்ணைக்காரம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றாள். "காலையில் பார்த்தேன். மறுபடி பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். யார் அவசரப்படுத்தினார்கள் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். கதவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்பாதை முனையில் தட்டி வைக்காதது தன் தவறு என்றார் பண்ணைக்காரம்மா. அந்த வரிசைகள் மூடியிருந்ததால் அந்த வழியாக யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாராம். இன்றே, பயிர் மருந்துகளைக் கண்காணிக்கிற மாநில அலுவலகத்துக்குத் தானே தகவல் சொல்லப்போவதாகவும், இந்த சீசன் முழுவதும் மகள் யாரையும் சுற்றிக்காட்டக் கூடாது என்றும், பாதுகாப்பு வகுப்பை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்றும் சொன்னார். மகள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மாலையில் குழந்தையின் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், பார்வைக்கு ஒன்றும் இல்லை, வாந்தி இல்லை, இரவு கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் சிவப்பும் போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நிற்கவில்லை. சின்னப் பிள்ளைகளை நம்பிக் குழந்தைகளை எப்படி விடுகிறார்கள், இந்தப் பயிற்சியெல்லாம் கல்லூரிக்குக் காட்டத்தானே என்று எழுதினார்கள். அதை நானே ஒரு காலத்தில் நினைத்தவன். என் மகளைப் பற்றி என் நண்பர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டே, அலுவலக மீட்டிங்கில் உட்கார்ந்து, திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களை ஓட்டினேன்.

புதன்கிழமை மாநில ஆய்வாளர் ஒருவர் போன் செய்தார். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரிடமும் பேசுவதாகச் சொன்னார். என்ன நடந்தது என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில், "வழிகாட்டியைப் பலகையைப் பார்க்கவிடாமல் ஏதாவது தடுத்ததா?" என்றார்.

அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் மகளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"நான் தடுத்தேன்" என்றேன். "அவள் பார்க்கப் போனாள். நேரமாகிறது, வண்டியில் ஏறு என்று சொன்னவன் நான். நான் அவளுடைய அப்பா."

அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். அதே இடத்தில் நின்றபடியே குழுவிலும் அதை எழுதினேன். தமிழில் நான்கு வரி. ஒருவர் மட்டும் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் போட்டார்.

மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "நாலு நாளா இதை மனசுல வெச்சுக்கிட்டா சுத்துனீங்க? அவளைத் திட்டறதைப் படிச்சுக்கிட்டே?" என்றாள். மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"அவசரப்படுத்தினதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள். இதைத் தமிழிலேயே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க என்னைப் பொய் சொல்லச் சொன்னீங்க. பாப்பா கண்ணு அப்படி இருக்கறப்போ."

"பொய் இல்ல கண்ணு, நான் சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "ஆமா. பொய்தான். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு குழந்தையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமாதானம் பேச வந்ததுபோல் இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, என் மகளை அழைக்கச் சொன்னாள். கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடையில் வாங்குகிற பழத்திலும் இதே மருந்து இருக்குமா? கழுவினால் போகுமா? உப்புத் தண்ணீரில் போட வேண்டுமா? இயற்கை விவசாயம் என்று எழுதியிருந்தால் அதில் மருந்தே கிடையாதா? மகள் நின்றுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும் என்றாள். இயற்கைப் பண்ணையிலும் சில மருந்துகள் உண்டு, அவை வேறு வகை என்றாள். இவ்வளவு சின்ன வயதில் கொஞ்சம் சாப்பிட்டால் பல வருடம் கழித்து ஏதாவது வருமா என்று கேட்டபோது, "எனக்குத் தெரியாது ஆன்ட்டி. டாக்டரைத்தான் கேட்கணும். தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி. அதையாவது நேராச் சொன்னியே" என்று எழுந்தாள். காபி வேண்டாம் என்றாள். அந்தக் குடும்பத்தோடு எங்கள் பழக்கம் பழையபடி ஆகவில்லை. வெளியில் பார்த்தால் பேசிக்கொள்வோம்.

பண்ணைக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்ததாகக் கேள்விப்பட்டேன். இப்போது மருந்தடித்த எல்லா வரிசைகளின் இரண்டு முனையிலும் தட்டி வைக்கிறார்கள். மகள் அந்த சீசன் முழுக்கக் களை பிடுங்கினாள், குழாய் சுருட்டினாள், பெட்டி அடுக்கினாள். ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. ஜூலையில் பாதுகாப்பு வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. அதற்குள் அவளுக்கு வண்டி ஓட்டப் பழகும் பெர்மிட் வந்திருந்தது. நம்பர் பிளேட்டில், வண்டி பழகுகிறவர்கள் ஒட்ட வேண்டிய சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோம்.

பண்ணைக்குத் திரும்புகிற முனையில், நின்று போகச் சொல்லும் ஸ்டாப் பலகை இருக்கிறது. அவள் முழுதாக நிறுத்தினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், சோளம் உயரமாக வளர்ந்து பாதையை மறைத்திருந்ததால் சில அடி முன்னால் நகர்ந்து மறுபடி இடது பக்கம் பார்த்தாள். பின்னால் ஒரு டிரக் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வகுப்புக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. 'போ கண்ணு' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அவள் மறுபடி ஒரு முறை வலது பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.